பொறியியற் கலாசாலையிற் புகும் மாணாக்கரும் முதலாண்டின் இடரும்

பள்ளிக்கூடத்தில் முதல்வனாய் விளங்கிய மாணாக்கன் ஒருவன், பொறியியற் கலாசாலையொன்றிற் சேர்ந்த முதற் பருவத்திலேயே கணிதத் தேர்வில் தவறினான் என்னும் செய்தி நேயர்களுட் பெரும்பாலார்க்குப் புதியதன்று. அச்செய்தி ஊர் வந்து சேர்ந்தவுடன் தீர்ப்புக்கள் பல பிறக்கின்றன. சேர்க்கை சரியில்லை என்பர் உறவினர். விடுதிவாசம் கெடுத்தது என்பர் அயலார். அடிப்படை போதாது என்பர் ஆசிரியர். மாணாக்கனோ ஒருவரோடும் உரையாடாது, தான் அவ்விடத்திற்கு உரியவனல்லன் என்று தன்னுள்ளேயே ஒரு தீர்ப்பை எழுதிக்கொள்கின்றான். பிறர் கூறிய தீர்ப்புக்கள் பிழைபட்டால் அவற்றால் வருங் கேடு சிறிதே. இவன் எழுதிக்கொண்ட தீர்ப்புப் பிழைபட்டதாயின், ஒரு குடும்பத்தின் பல்லாண்டுப் பாடு அதனோடு போயிற்று.

இவ்விடரைத் தவிர்க்கும்பொருட்டே, வகுப்புக்கள் தொடங்குமுன் புதிய மாணாக்கர்க்குச் சில வாரங்கள் ஒரு பயிற்சி நடத்தும் வழக்கம் ஏற்பட்டுளது. அமெரிக்க நாட்டார் இதனைக் கோடைக்காலப் பாலம் என்னும் கருத்துடைய பெயரால் வழங்குவர். நம் நாட்டில் அறிமுகப் பயிற்சி என்பது இதன் பெயர். மாணாக்கர் வாயில் வழங்குவதோ ‘இண்டக்ஷன்’ என்பதே. எம் கலாசாலை பொறியியற் கலாசாலை அன்று. ஆயினும் நம் பழைய மாணாக்கரின் மக்களும் தம்பி தங்கையரும் ஆண்டுதோறும் அத்துறைக்குச் செல்கின்றனர். முதலாண்டு வகுப்பிற்குக் கணிதம் கற்பிக்கும் யாமும் இதே இடரை நாடோறும் காண்கின்றோம். ஆதலின், இப்பயிற்சி எதற்கு ஏற்பட்டது, அதன் உயிர்நிலை யாது என்பதைப் பற்றிச் சிறிது எழுதத் துணிந்தோம்.

பள்ளியிற் பாடநூல் ஒன்று. அதன் ஒவ்வொரு பாடத்தின் ஈற்றிலும் வினாக்கள் உள. அவையே பெரும்பாலும் தேர்விலும் வரும். வாரந்தோறும் சோதனை நடைபெறும். தவறினவனை ஆசிரியர் அழைத்து மீண்டும் எழுதச் சொல்வர். பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டுக்குத் திருப்பித் திருப்பிப் படிப்பிக்கும் பள்ளிகளும் உண்டு. கலாசாலையிலோ, பள்ளியில் ஒரு வாரம் நடத்தத்தக்க பகுதி ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். நேற்றைய கணக்கைச் செய்தாயா என்று கேட்பாரில்லை. கேட்பாரில்லை என்பதையே விடுதலையாகக் கருதி மகிழ்ந்திருக்கும் மாணாக்கன், முதல் விடைத்தாள் திருத்தப்பட்டுக் கைக்கு வரும்பொழுதுதான் அதற்குத் துணையின்மை என்றும் ஒரு பெயர் உண்டென அறிகின்றான்.

எல்லாப் பாடமும் ஒரு தன்மையன அல்ல. பொறியியல் வரைபடம் என்பதொரு பாடம் உண்டு. ஒரு பொருளை முன்னின்று நோக்கினால் எவ்வாறு தோன்றும், மேலிருந்து நோக்கினால் எவ்வாறு தோன்றும் என்பவற்றைத் தனித்தனியே வரைந்து, அவ்விரண்டையுங் கொண்டு அப்பொருளின் முழு வடிவத்தையும் மனக்கண்ணாற் காணப் பயிற்றுவது அது. இதனைப் பள்ளியிற் கற்று வந்தார் அரியர். ஆதலின் நகரத்தானும் நாட்டுப்புறத்தானும் அவ்வகுப்பில் ஒரே வரிசையில் நிற்கின்றனர். பட்டறையிலோ வரிசை தலைகீழாகவும் மாறும். இரும்புத் துண்டை அரத்தால் அராவிச் சதுரமாக்கும் வேலையில், கொல்லர் தச்சர் வீட்டுப் பிள்ளையின் கைக்குப் பிறர் கை எளிதில் ஈடாகாது. அன்று அவன் தலைநிமிர்ந்து விடுதிக்குச் செல்கின்றான். கணித வகுப்பு மறுநாட் காலையிலேயே வந்துவிடுகின்றது என்பதுதான் வருத்தம்.

தமிழ் வழியிற் கற்றவனுக்கு இன்னுமொரு தடை உளது. உந்தம், முடுக்கம், வகைக்கெழு, தொகையிடல் என்பவற்றை அவன் பொருளறிந்தே கற்றிருப்பான். வகுப்பில் மொமென்டம், ஆக்ஸிலரேஷன், டெரிவேட்டிவ், இன்டகிரேஷன் என்னும் ஒலிகள் காதில் விழும்போது, தன் பழைய நண்பரே வேற்றுடை உடுத்து வந்திருத்தலை உணராது திகைக்கின்றான். தெரிந்ததனைத் தெரியாததென எண்ணி அஞ்சுதல் தெரியாமையினும் கொடிது. 2010ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகத்தார் சிவில், மெக்கானிக்கல் ஆகிய இரு துறைகளையும் தமிழிற் பயிற்றத் தொடங்கினர். 2021ஆம் ஆண்டில், அரசுப் பள்ளியிற் கற்றார்க்குப் பொறியியல் முதலிய தொழிற்கல்விகளில் நூற்றுக்கு 7.5 இடம் ஒதுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டது. வாயில் முன்னையினும் அகன்றுளது என்பதில் ஐயமில்லை. உட்புகுந்தார் அங்கு நிலைபெறுதற்கு யாது செய்யத்தகும் என்பதே இனி எழும் வினா.

இதே வினா வேறொரு தேசத்தில், வேறொரு வகுப்பினரைக் குறித்து எழுந்தபோது, அதற்குக் கிடைத்த விடை நாம் அறியத்தக்கது. அமெரிக்காவிற் கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி வளாகத்தில், 1970களின் நடுவில், யூரி டிரைஸ்மன் என்பார் கணித ஆராய்ச்சி மாணாக்கராய் இருந்தார். அங்கே அறிவியலும் பொறியியலும் பயில வருவோர்க்கு நுண்கணிதமே முதல் வாயில். முந்திய பத்தாண்டுக் கணக்கை எடுத்து நோக்கியபோது, நுண்கணிதத்தின் முதற் பருவத்தை முடித்த கறுப்பின மாணாக்கருள் நூற்றுக்கு ஏறக்குறைய 60 பேர் ‘டி’ அல்லது ‘எஃப்’ என்னும் கடைத்தரமே பெற்றிருந்தனர். காரணம் யாதென ஆசிரியர்களை வினவினார். ஊக்கமின்மை, முற்பயிற்சிக் குறைவு, வீட்டாரின் ஆதரவின்மை, வறுமை என்னும் நான்கையே அவர்கள் மாற்றி மாற்றிக் கூறினர். நம் ஊரில் வினவினாலும் இந்நான்கே விடையாக வரும்.

டிரைஸ்மன் அவ்விடைகளை அப்படியே ஏற்றிலர். கறுப்பின மாணாக்கர் 20 பேரையும், சீன வழியினரான மாணாக்கர் 20 பேரையும் தெரிந்துகொண்டு, அவர்கள் வாழும் இடத்திற்கே சென்று, அவர்கள் படிக்குமாற்றைப் படமும் எடுத்துப் பல மாதம் உடனிருந்து கண்டார். நான்கு காரணங்களும் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன. ஊக்கம் இருந்தது, பெற்றோர் பெருந்தியாகஞ் செய்தே பிள்ளைகளை அனுப்பியிருந்தனர், நுழைவுத் தேர்விற் கணிதத்தில் மிகுந்த மதிப்பெண் பெற்றவரும் வீழ்ந்தனர். அவர் கண்ட வேற்றுமை மிக எளியது. கறுப்பின மாணாக்கர், வாரத்திற்கு 6 முதல் 8 மணி நேரம், விதித்தபடி தனித்திருந்து படித்தனர். வகுப்பிற்குத் தவறாது சென்றனர். வீட்டுக்கணக்கைக் குறித்த நாளிற் கொடுத்தனர். சீன மாணாக்கர் 14 மணி நேரம் உழைத்தனர். அதில் 8 முதல் 10 மணி தனித்த படிப்பு. எஞ்சியது கூடிப் படித்தல். மாலையில் ஒருங்கு சமைத்துண்டு, அவரவர் விடைகளை ஒப்பு நோக்கினர்; ஒருவர் ஆங்கிலத்தை மற்றவர் திருத்தினர்; பழைய தேர்வுத் தாள்களைச் செய்து பார்த்தனர். ஒரு கணக்குக் குழுவில் எவர்க்கும் வரவில்லையாயின், அது கணக்கின் கடுமை என்று அறிந்தனர். தனித்திருந்தவனோ அக்கணக்குத் தனக்கு வராதபோது அதனைத் தன் அறிவின் குறையென்றே கொண்டான். வகுப்பில் தான் எங்கே நிற்கிறான் என்பதும் தேர்வு முடியுமட்டும் அவனுக்குத் தெரியாது.

பள்ளி நாளில் தனித்துப் படித்ததே இம்மாணாக்கர்களை மேலே கொணர்ந்த நற்பழக்கம் என்பதை மறத்தலாகாது. விளையாட்டையும் வீண்பேச்சையும் விலக்கி மூலையில் அமர்ந்து படித்தவனே கலாசாலை வாயிலை அடைகின்றான். ஏற்றிவிட்ட ஏணியே மேல்மாடியிற் காலிடறும் கட்டையாகின்றது. இதனை அவனுக்கு முன்னரே எடுத்துச் சொல்வாரில்லை.

1978ஆம் ஆண்டளவில் அவரும் துணைவரும் ஏற்படுத்திய கணிதப் பட்டறை இக்கண்டுபிடிப்பின்மேல் எழுந்தது. குறைநிரப்பு வகுப்பு என்று அதற்குப் பெயரிட்டாரல்லர். பின்தங்கியவர் என்னும் சீட்டு ஒட்டப்படும் இடத்திற்கு நல்ல மாணாக்கர் எவரும் வாரார் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். சிறப்பு வகுப்பு என்றே அழைத்து, வகுப்பில் தருவனவற்றினும் கடிய கணக்குக்களைத் தந்து, சிறு குழுக்களாய் இருத்தினர். மேற்பார்ப்பவர் விடை சொல்வதில்லை. ஒருவர் மற்றவர்க்கு விளக்குமாறு தூண்டுதலே அவர் தொழில். அதில் சேர்ந்த கறுப்பின மாணாக்கரும் லத்தீன் அமெரிக்க வழியினரும் தம் இனத்தாரின் பழைய நிலையைக் கடந்ததோடு, பட்டறையிற் சேராத வெள்ளையரையும் ஆசியரையுங்கூட நுண்கணிதத்தில் விஞ்சினர். நுழைவுத் தேர்வின் கணிதப் பகுதியில் 600ஐச் சிறிதே கடந்தவர், 750ஐ ஒட்டிய மதிப்பெண் பெற்றவரோடு ஒத்து நின்றனர். 1988இல் டெக்ஸஸ் சர்வகலாசாலையின் ஆஸ்டின் வளாகத்திலும் இம்முறை தொடங்கப்பெற்றது. விரும்பி வந்தாரே பட்டறையிற் சேர்ந்தனர், அவர் எங்ஙனமும் தேறியிருப்பர் என்று ஐயுறுவார் உண்டு. அவ்வையம் முற்றும் தள்ளத்தக்கதன்று. எனினும், விருப்பமும் உழைப்பும் உடையோரே முன்னர் வீழ்ந்தனர் என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

கோடைக்காலப் பாலங்களுள் முந்தியதொன்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தாரின் ‘இன்டர்ஃபேஸ்’ என்பது; 1969இல் தொடங்கியது. முதலாண்டுப் பாடங்களின் வேகத்தையும் கடுமையையும், மதிப்பெண் என்னும் அச்சமின்றி, முன்னதாகவே சுவைத்துப் பார்க்கச் செய்வது அதன் போக்கு.

நம் நாட்டில் இம்முயற்சி மூன்று ஊற்றுக்களினின்று பெருகியது. ஐதராபாத்திலுள்ள பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தார் 2005 ஜூலையில் மனித விழுமியங்கள் பற்றிய பாடமொன்றைத் தொடங்கினர். காந்திநகர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 2011 ஜூலையில் 5 வாரப் பயிற்சியொன்றை ஏற்படுத்தினர். காசி இந்து சர்வகலாசாலை வளாகத்துள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2016 ஜூலையில் ஒரு மாதப் பயிற்சி நடந்தது. இவற்றைத் தழுவி அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவினர் 2017இல் 3 வாரத் திட்டமொன்றை வகுத்து, அது முடிந்த பின்னரே வகுப்புக்கள் தொடங்கவேண்டுமெனக் கலாசாலைகளுக்கு அறிவுறுத்தினர். காலை உடற்பயிற்சி, ஓவியம் இசை முதலிய கலைகள், விழுமியங்களைப் பற்றிய உரையாடல், இலக்கியம், சான்றோர் சொற்பொழிவு, அண்மையிலுள்ள இடங்களைக் காணுதல், தத்தம் துறையை அறிதல், ஆங்கிலத்திலும் கணிப்பொறியிலும் குறையுடையார்க்குத் தனிப்பயிற்சி என்பன அதன் உறுப்புக்கள்.

இவற்றுள் பெரும்பாலன கண்ணுக்கும் செவிக்கும் இனியன. ஆனால் அத்திட்டத்தில் யாம் பெரிதும் மதிப்பது, விழாப்படத்தில் தோன்றாத ஓர் ஏற்பாட்டினை. புதிய மாணாக்கர் 20 பேருக்கு ஓர் ஆசிரியரும், 10 பேருக்கு ஒரு மூத்த மாணாக்கரும் துணையாதல் வேண்டும். படிப்போ பணமுடையோ மனக்கலக்கமோ எதுவாயினும் தயக்கமின்றி அவரை அணுகலாம். அக்குழு 3 வாரத்திற் கலையாது, படிப்புக் காலம் முழுவதும் நிலைத்தல் வேண்டும் என்று அத்திட்டம் கூறுகின்றது. மூன்று வாரம் மூன்று நாளாய்ச் சுருங்கி, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று முடிந்த இடங்களையும் யாம் கண்டதுண்டு. நாற்காலிகளில் நானூறு பேர் அமர்ந்து ஒருவர் பேச்சைக் கேட்டெழுந்தால், தனியே வந்தவன் தனியே திரும்புகின்றான். சொற்பொழிவுகளைக் குறைத்தாலும் குற்றமில்லை. குழுவைக் கலைத்தால் பாலத்தின் நடுத்தூணை எடுத்ததாகும்.

கூடிப் படித்தல் என்றவுடன், ஒருவன் செய்ததைப் பிறர் பார்த்தெழுதுவதன்றோ அது என்று கேட்கும் ஆசிரியர் உளர். எம்மிடையேயும் இக்கேள்வி எழுந்தது. தனித்து முயன்று கைவிட்ட கணக்கோடு வருபவன் பார்த்தெழுத வாரான்; தான் எங்கே நின்றுவிட்டான் என்பதைக் காட்டவே வருவான். வெறுந்தாளோடு வருபவனே பார்த்தெழுதுவான். ஆதலின் தனிப்படிப்பு முந்தியும் கூட்டம் பிந்தியும் நிகழ்தல் முறை. பெர்க்லியிற் கண்ட அளவும் இதற்குச் சான்று.

சென்ற ஆண்டு எம் கணித வகுப்பறையில் நான்கு மேசைகளை ஒன்றுசேர்த்து, மாலை 5 மணிக்கு மேல் விருப்பமுடைய முதலாண்டு மாணாக்கரை அழைத்தோம். பதினொருவர் வந்தனர். முதல் இரு வாரம் அவரவர் நோட்டுப் புத்தகத்தை அவரவர் கையால் மறைத்துக்கொண்டனர். யாமும் சற்றே மனம் தளர்ந்தோம். மூன்றாம் வாரத்தில் தமிழ் வழியிற் கற்று வந்த மாணவி ஒருத்தி, எதிரே இருந்தவனது தாளைத் தலைகீழாகவே படித்து, “அண்ணா, மூன்றாவது வரியில் குறி மாறிவிட்டது” என்றாள். அவன் சிறிது சினந்து, பின் சரிபார்த்து, தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தான். அன்று முதல் கைகள் விலகின. பருவ முடிவில் பதினொருவரும் தேறினர் என்று எழுத ஆசைதான்; ஒன்பதின்மர் தேறினர், மற்றை இருவரும் மேசையை விட்டு விலகாமல் மறுதேர்விற்குப் படித்தனர். இவ்வாண்டு அவ்வறையின் சாவி மாணாக்கரிடமே உளது.