பட்டுக்கு ஏற்ற தையல் மிஷின்

மனைவிக்குத் தையல் மிஷின் பரிசளிக்க நினைப்பவர் பலரும் கடையில் முதலில் கேட்பது, அது எத்தனை விதமான தையல் போடும் என்பதைத்தான். அதைவிட முக்கியம், அதில் எந்தத் துணி ஓடப்போகிறது என்பது. பிள்ளையார்பாளையத்துத் தறிகளைச் சுமந்து நிற்கும் பெரிய காஞ்சிபுரத்தில் இதற்கு விடை தேட வேண்டியதில்லை: பட்டு ஜாக்கெட், புடவைக்கு ஓரம் அடிப்பது, ஃபால்ஸ் வைப்பது. இந்த வேலைகளுக்கு நேர்த்தையல் போதும். அதை ஒழுங்காகப் போடும் சாதாரண மிதி மிஷின்தான் இந்த ஊருக்கு நல்ல பரிசு என்பது என் கருத்து.

காரணம் தையலிலேயே இருக்கிறது. எலியாஸ் ஹோவ் 1846-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இரட்டை நூல் முறைதான் இன்றும் வீட்டு மிஷின்களில் ஓடுகிறது. ஊசியின் கண் முனையருகே இருக்கும். துணியைத் துளைத்துக் கீழிறங்கிய ஊசி லேசாக மேலெழும்போது மேல்நூல் தளர்ந்து சிறு வளையமாகப் பிதுங்கும். கொக்கி அதைப் பிடித்து பாபினைச் சுற்றிக் கொண்டுபோக, இரண்டு நூலும் துணியின் நடுவில் பின்னிக்கொள்ளும். டென்ஷன் கூடிப்போனால் பருத்தி ஓரளவு தாங்கும். பட்டு உடனே சுருங்கி வரிவரியாக நிற்கும். தப்பாக விழுந்த தையலைப் பிரித்தாலும் ஊசித் துளை பட்டில் மறைவதில்லை. வழக்கமான 14-ஆம் நம்பர் ஊசிக்குப் பதில் 11 போட வேண்டும். முனை மழுங்கியிருந்தால் இழையை இழுத்துவிடும். ஜரிகைக் கரை வரும் இடத்தில் இன்னும் நிதானம் வேண்டும். மிதி மிஷினில் காலை மெதுவாக்கினால் ஊசியும் மெதுவாகும். ஒவ்வொரு குத்தையும் பார்த்து இறக்கலாம்.

ஜிக்ஜாக் இருந்தால் பிசிறு அடங்குமே என்பார்கள். வெட்டிய பட்டு பிரியும் என்பது உண்மைதான். ஆனால் ஓரத்தை உள்ளே மடித்து நேர்த்தையல் போட்டாலும் அது அடங்கும். கால் வலிக்குமே என்பது நியாயமான கேள்வி. இரும்புத் தலை மிஷினில் மோட்டாரைப் பிறகுகூட மாட்டிக்கொள்ளலாம். தையற்காரர் இருக்கும்போது மிஷின் எதற்கு என்பவர்கள், சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் மிஷின் தருவதை எண்ணிப் பார்க்கலாம்; அது வருமானம் தரும் கருவி.

சொல்லாமல் வாங்கி அசத்த வேண்டும் என்ற ஆசையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மேசை உயரமும் மிதியின் கனமும் உட்கார்ந்து தைப்பவருக்குத்தான் தெரியும். அவரையே கடைக்கு அழைத்துப்போய், ஜாக்கெட் துணியில் மிஞ்சிய பட்டுத் துண்டை ஜரிகையோடு இரண்டாக மடித்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.