தூண்டில் கோலை எடை போடும் காசுகள்

குளக்கரையில் சிறுவர்கள் தூண்டில் போடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு மூங்கில் கம்பு, ஒரு நரம்பு, ஒரு முள், அதில் ஒரு மண்புழு. அவ்வளவுதான். மீன் அகப்பட்டால் கம்பைத் தூக்குவார்கள். அந்தக் கம்பு கொஞ்சம் தடித்திருந்தாலும் மெலிந்திருந்தாலும் யாரும் கவலைப்படுவதில்லை.

ஆனால் ஒரு வகைத் தூண்டிலில் கோலின் கனம் ஒரு தலைமயிர் அளவு மாறினாலும் செய்தவரின் பல நாள் உழைப்பு வீணாகிவிடக் கூடும். அதுதான் 'ஈத் தூண்டில்'. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் குளிர்ந்த ஓடைகளில் வாழும் டிரவுட் மீன்களைப் பிடிக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். அந்த மீன்கள் நீரின் மேல் விழும் பூச்சிகளை விரும்பி உண்பவை. ஆகவே முள்ளின் மேல் இறகையும் நூலையும் சுற்றி, பூச்சியைப் போலவே ஒரு போலி ஈ செய்துகொள்கிறார்கள்.

இறகை எப்படி எறிவது?

இங்கேதான் ஒரு சிக்கல். ஒரு கல்லை எடுத்து எறியுங்கள். தூரமாகப் போய் விழும். ஒரு கோழி இறகை அதே வேகத்தில் எறிந்து பாருங்கள். உங்கள் காலடியிலேயே விழும். இறகின் நிறை மிகக் குறைவு. காற்றின் தடை அதை உடனே நிறுத்திவிடுகிறது. போலி ஈயும் அப்படித்தான். ஈயக் குண்டு கட்டினால் தூரம் போகும். ஆனால் ஈ நீரில் மூழ்கிவிடுமே!

இதற்கு மீன் பிடிப்பவர்கள் கண்ட வழி வியப்பானது. எடையை முள்ளில் வைக்காமல் நூலிலேயே வைத்தார்கள். இந்த நூல் தடித்தது, கனமானது. கோலை முதலில் பின்புறம் வீசினால் நூல் பின்னால் நீண்டு விரிகிறது. அது விரிந்ததும் முன்புறம் வீசினால், நூலின் எடையால் கோல் வில்லைப் போல வளைகிறது. கையை நிறுத்தியதும் கோல் நிமிர்கிறது. நூல் ஒரு வளையமாக உருண்டு முன்னே செல்கிறது. அதன் நுனியில் இருக்கும் ஈ, பூச்சி அமர்வதைப் போல மெல்ல நீரில் இறங்குகிறது.

எனவே இந்தக் கோல் ஒரே சமயத்தில் ஒரு நெம்புகோல், ஒரு வில். நூலின் எடைக்குப் பொருத்தமாக அது வளைய வேண்டும். கோல் மிக விறைப்பாக இருந்தால் அந்த எடை அதை வளைக்காது. மிகத் தளர்வாக இருந்தால் துவண்டு போகும்; நூல் குவியலாக விழும்.

மூங்கிலிலிருந்து கரி இழை வரை

பழைய காலத்தில் முழு மரத்தையே சீவிக் கோல் செய்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் மூங்கிலைப் பிளந்து ஒட்டும் முறை வளர்ந்தது. மூங்கிலின் வெளிப்புறத்தில் வலிமையான நார்கள் நெருக்கமாக இருக்கின்றன, உட்புறம் மென்மையானது. ஆகவே மூங்கிலைப் பிளந்து, வெளிப்புறத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஆறு பட்டைகளை முக்கோண வடிவில் இழைத்தார்கள். ஒவ்வொரு கோணமும் 60 பாகை. ஆறையும் சேர்த்து ஒட்டினால் அறுகோணத் தண்டு கிடைக்கும். வலிமையான நார் முழுவதும் வெளிப்புறத்தில் அமைந்துவிடும். இதற்கு மிகச் சிறந்ததாகக் கருதப்பட்டது தென் சீனாவில் விளையும் ஒரு வகை மூங்கில்.

1950-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கா சீனாவுடன் வாணிகத்தைத் தடை செய்தது. மூங்கில் வரவு நின்றது. கோல் செய்வோரில் பலர் தொழிலை விட்டார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அறிமுகமாகியிருந்த கண்ணாடி இழைக் கோல்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. 1970-களில் கரி இழைக் கோல்கள் வந்தன. கரி இழை, கண்ணாடி இழையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு விறைப்பானது. எடையோ அதைவிடக் குறைவு. பிசினில் தோய்த்த கரி இழைத் துணியை, நுனி குறுகிய எஃகுக் கம்பியின் மேல் சுற்றி, உலையில் சூடாக்கிக் கெட்டிப்படுத்துவார்கள். பிறகு கம்பியை உருவிவிட்டால் உள்ளீடற்ற வெறுந்தண்டு கிடைக்கும்.

இந்த வெறுந்தண்டை வாங்கி வீட்டிலேயே தம் கைக்கு ஏற்றபடி கோல் கட்டிக்கொள்பவர்கள் பலர் உண்டு. தக்கை வட்டுகளை அடுக்கி ஒட்டி, கடைந்து, கைப்பிடி செய்கிறார்கள். நூல் ஓடுவதற்கான சிறு கம்பி வளையங்களைத் தண்டின் மேல் வைத்து, மெல்லிய நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டுகிறார்கள். அடிக்கு ஒன்று, கூடுதலாக ஒன்று என்பது வளையங்களுக்குப் பழக்கத்தில் உள்ள கணக்கு. 9 அடிக் கோலுக்குச் சுமார் 10 வளையங்கள். கட்டின் மேல் எபாக்சிப் பிசின் பூசி, அது வழிந்து ஒரு பக்கம் சேராதபடி, காயும் வரை கோலை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு மயிரிழை செய்யும் வேலை

உருண்டைத் தண்டாகட்டும், அறுகோணத் தண்டாகட்டும், உள்ளே கெட்டியாக இருந்தால் அதன் விறைப்பு கனத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு 2×2×2×2, அதாவது 16 மடங்காகும்!

மூங்கில் கோலின் நுனி ஏறக்குறைய 1.8 மி.மீ. கனம் இருக்கும். இழைப்புளி சற்று ஆழமாக ஓடி, அந்த இடம் 1.62 மி.மீ. ஆகிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். குறைந்தது பத்தில் ஒரு பங்குதான். ஏறக்குறைய இரண்டு தலைமயிரின் கனம். ஆனால் விறைப்பு? 0.9-ஐ நான்கு முறை பெருக்கினால் 0.656. மூன்றில் ஒரு பங்கு விறைப்பு போய்விட்டது! கோல் செய்வோர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை ஏன் அளக்கிறார்கள் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

'விறைப்பு' என்றால் எவ்வளவு?

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். கட்டி முடித்த கோல் எந்த நூலுக்குப் பொருந்தும்?

நூல்களுக்கு எண் உண்டு. அமெரிக்க முறைப்படி நூலின் முதல் 30 அடியை நிறுத்து அந்த எண்ணைத் தருகிறார்கள். 5-ஆம் எண் நூலின் எடை 140 கிரெயின், அதாவது சுமார் 9.1 கிராம். 6-ஆம் எண் நூல் 160 கிரெயின். இது தெளிவான அளவு. ஆனால் கோலின் மேல் போடும் எண் அப்படியல்ல. செய்தவர் வீசிப் பார்த்துத் தமக்குத் தோன்றியதை எழுதுவார். ஒருவருடைய 5-ஆம் எண் கோல் மற்றொருவருக்கு 6-ஆம் எண் கோலாகத் தோன்றும். 'வேகமானது', 'மெதுவானது' என்ற சொற்களும் ஆளுக்கு ஆள் மாறுபடும். பணம் கொடுத்து வாங்கி, பல மாலைகள் உட்கார்ந்து கட்டியபின், தன் நூலுக்கு அது பொருந்தவில்லை என்று கண்டால் எப்படி இருக்கும்?

வில்லியம் ஹன்னிமன் என்ற அமெரிக்கர் 2003-ஆம் ஆண்டில் இதற்கு ஓர் எளிய வழியை வெளியிட்டார். விலையுயர்ந்த கருவி எதுவும் அவர் கேட்கவில்லை. சட்டைப்பையில் கிடக்கும் ஒரு சென்ட் காசுகளே போதும்!

கோலின் அடிப்பகுதியைக் கிடைமட்டமாக இறுகப் பொருத்த வேண்டும். நுனியில் ஒரு சிறு பையைத் தொங்கவிட்டு, காசுகளை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். கோலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்கு நுனி இறங்கியதும் நிறுத்திக் காசுகளை எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கையே கோலின் வலிமை. அதிலிருந்து எந்த எண் நூல் பொருந்தும் என்பதை அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம்.

அதே நிலையில் நுனி கிடைமட்டத்தோடு செய்யும் கோணத்தையும் அளக்கிறார்கள். கோல் முழுவதும் வளைந்தால் இந்தக் கோணம் சிறியதாக இருக்கும். நுனிப் பகுதி மட்டும் வளைந்தால் கோணம் பெரியதாக இருக்கும். 66 பாகைக்கு மேல் என்றால் 'வேகமான' கோல். 59 பாகைக்குக் கீழ் என்றால் 'மெதுவான' கோல். பேச்சில் தடுமாறிய சொற்களுக்கு எண் கிடைத்துவிட்டது!

ஆனால் ஓர் எச்சரிக்கை. 1982-ஆம் ஆண்டில் இந்தக் காசின் உலோகம் மாற்றப்பட்டது. அதற்கு முந்திய காசின் எடை 3.11 கிராம், பிந்தியதன் எடை 2.5 கிராம். புதிய காசுகள் 40 போட்டால் 100 கிராம். பழையவை 40 போட்டால் 124 கிராமுக்கும் மேல். இரண்டையும் கலந்தால் அளவே பொய்யாகிவிடும். அளவுகோல் மாறாமல் இருக்க வேண்டும் என்பது எல்லா அறிவியலுக்கும் பொதுவான பாடம்.

நீங்களும் செய்து பாருங்கள்

தென்னை ஈர்க்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தூண்டில் கோலைப் போலவே அதுவும் அடி பருத்து நுனி சிறுத்தது. மேசை விளிம்பிலிருந்து 45 செ.மீ. வெளியே நீளும்படி அதன் அடியைப் புத்தகங்களால் அழுத்தி வையுங்கள். நுனியில் சிறு காகிதப் பையைக் கட்டி, ஒரே அளவுள்ள குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். நுனி 15 செ.மீ. இறங்க எத்தனை குண்டூசி வேண்டியிருந்தது? பாகைமானியால் நுனியின் கோணத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஈர்க்கைக் கால் சுற்றுத் திருப்பி வைத்து மறுபடி அளந்து பாருங்கள். எண்ணிக்கை மாறக்கூடும். கரி இழைத் தண்டிலும் இப்படி ஒரு பக்கம் சற்று விறைப்பாக இருப்பதுண்டு. கோல் கட்டுவோர் பலர் முதலில் அந்தப் பக்கத்தைத் தேடிக் குறித்துக்கொண்டுதான் வளையங்களைக் கட்டத் தொடங்குகிறார்கள். கடைசியாக, ஈர்க்கின் நுனிப் பகுதியைக் கத்தியால் இலேசாகச் சுரண்டிவிட்டு அளந்து பாருங்கள். மயிரிழையின் வேலை உங்களுக்கே தெரியும்.

காசுகள் எல்லாவற்றையும் சொல்லிவிடுமா? சொல்லா. ஒரே எண்ணும் ஒரே கோணமும் உள்ள இரண்டு கோல்களில் ஒன்று கனமாக இருக்கலாம். வீசியபின் அதிக நேரம் அதிரலாம். எது தனக்கு இதமானது என்பதை வீசுபவரின் கைதான் முடிவு செய்ய வேண்டும். ஆனால், "இது விறைப்பு" என்று ஒருவர் சொல்லும்போது, "எத்தனை காசு?" என்று இப்போது நாம் திருப்பிக் கேட்கலாம் அல்லவா?