கர்ப்ப காலத்தில் ரத்தத்தில் கால்சியம் மிகுதி: கண்டறிவது எப்படி?

கர்ப்பிணிகளின் ரத்தத்தில் கால்சியம் மிகுவது அரிது. எனினும் எளிதில் கவனத்துக்கு வருவதில்லை. வாந்தி, மலச்சிக்கல், சோர்வு, அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகிய அதன் அறிகுறிகள் கர்ப்ப காலத்தில் இயல்பாகவும் தோன்றுபவை.

ரத்தப் பரிசோதனையிலும் சிக்கல் உண்டு. கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகி, கால்சியத்தைப் பிணைத்துவைக்கும் அல்புமின் புரதத்தின் செறிவு குறைகிறது. இதனால் மொத்த கால்சியம் இயல்பாக இருப்பதுபோலத் தோன்றலாம். ஆகவே, ஐயம் எழுந்தால் புரதத்துடன் பிணையாத அயனிக் கால்சியத்தை அளவிட வேண்டும்.

அது உயர்ந்திருந்தால், அடுத்தது பாராதைராய்டு ஹார்மோன் பரிசோதனை. ஹார்மோன் குறையாதிருப்பின் பாராதைராய்டு சுரப்பியில் கட்டி இருக்கலாம். கழுத்து அல்ட்ராசவுண்ட் மூலம் அதைக் கதிர்வீச்சின்றித் தேடலாம். ஹார்மோன் குறைந்திருந்தால் வைட்டமின் டி, கால்சியம் மாத்திரைகளின் மிகை உள்ளிட்ட காரணங்கள் ஆராயப்படும். பாலூட்டும் காலத்தில் மார்பகம் சுரக்கும், அந்த ஹார்மோனை ஒத்த புரதமும் கால்சியத்தை உயர்த்தக்கூடும்.

கண்டறியாமல் விட்டால், நஞ்சுக்கொடி வெளியேறியதும் தாய்க்குக் கால்சியம் திடீரென உயரலாம்; சிசுவுக்கோ அது குறைந்து வலிப்பு ஏற்படலாம்.

அரசு வழிகாட்டுதலின்படி, 14-ஆவது வாரத்திலிருந்து நாளொன்றுக்கு இருமுறை வழங்கப்படும் 500 மி.கி. கால்சியத்தை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தவோ கூட்டவோ கூடாது.