தலையாட்டும் பூம்பூம் மாடு: செலவில்லாமல் வீட்டிலேயே செய்யலாம்

பெங்களூர் பசவனகுடியில் கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமை வேர்க்கடலைத் திருவிழா நடக்கும். "கடலைக்காய் பரிஷெ" என்பார்கள். பெரிய நந்தி கோவிலைச் சுற்றித் தெருவெல்லாம் கடலைக் குவியல். நடுநடுவே பலூன், வளையல், பொம்மைக் கடைகள்.

சென்ற திருவிழாவுக்கு என் மகளைக் கூட்டிப் போயிருந்தேன். அவளுக்கு 7 வயது. ஒரு கடையில் பாட்டரியில் ஓடும் காளை மாடு தலையை ஆட்டிக்கொண்டே நடந்தது. விலை 350 ரூபாய். மாதக் கடைசி. என் சட்டைப் பையில் இருந்தது 120 ரூபாய்.

"அடுத்த மாதம் வாங்கலாம்மா" என்றேன்.

அவள் அழவில்லை. அடம் பிடிக்கவில்லை. பேசாமல் தலையை ஆட்டினாள். அதுதான் என்னைச் சுட்டது. இந்த "அடுத்த மாதம்" அவளுக்குப் பழகிப் போய்விட்டது. ஆபீசில் நான் தலையாட்டுகிறேன் என்றால் அது சம்பளத்துக்காக. ஏழு வயதுக் குழந்தை ஏன் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்ட வேண்டும்?

அன்று இரவே முடிவு செய்தேன். மாடு வீட்டுக்கு வரவேண்டும். ஆனால் கடையிலிருந்து அல்ல.

என்னென்ன வேண்டும்?

குழந்தைச் செருப்பு வந்த அட்டைப் பெட்டி ஒன்று. சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட சக்கரக் கம்பி ஒன்று. தண்ணீர் பாட்டில் மூடி 2. சாவிக்கொத்து வளையம் ஒன்று. பழைய காலண்டர் அட்டை, சட்டைப் பொத்தான், தையல் நூல், கோந்து, தீர்ந்துபோன பேனாவின் குழாய். எல்லாம் எந்த வீட்டிலும் மூலையில் கிடப்பவைதான்.

செய்யும் விதம்

பெட்டியின் மூடியை எடுத்துவிட்டு, திறந்த பக்கம் பின்னால் வரும்படி நீளவாக்கில் நிறுத்துங்கள். இடது, வலது சுவர்களின் நடுவில் நேருக்கு நேராக ஒவ்வொரு துளை போடுங்கள். பாட்டில் மூடிகளில் சூடான ஆணியால் துளையிட்டு, அந்தத் துளைகளின் மேல் பொருத்தி ஒட்டுங்கள். ஆணி வேலையைப் பெரியவர்களே செய்யவேண்டும்.

சக்கரக் கம்பியின் நடுப்பகுதியைக் குறடால் "ப" எழுத்தைப் போல வளையுங்கள். ஒன்றரை செ.மீ. ஆழம் போதும். சாவி வளையத்தை அந்த "ப"வின் அடிப்பகுதியில் தளர்வாகத் தொங்கவிட்டு, கம்பியின் இரு முனைகளையும் இரண்டு மூடிகளிலும் நுழையுங்கள். வெளியே நீட்டும் முனையை இரண்டு முறை மடக்கினால் கைப்பிடி. பேனாக் குழாயைச் செருகிவிட்டால் கையை உறுத்தாது.

இனி மாடு. காலண்டர் அட்டையில் உடம்பைத் தனியாகவும், கழுத்தோடு சேர்ந்த தலையைத் தனியாகவும் வெட்டுங்கள். கழுத்தின் பின்புறம் 3 செ.மீ. அளவுக்கு ஒரு வால்போல நீண்டிருக்கவேண்டும். உடம்பைப் பெட்டியின் மேல் நிற்கவைத்து ஒட்டுங்கள். கழுத்தை உடம்பின் பின்பக்கமாக வைத்து, பொத்தான் போட்டுத் தளர்வாகத் தையுங்கள். தலை, தராசு மாதிரி மேலும் கீழும் ஆடவேண்டும். கழுத்தின் பின் முனையில் நூலைக் கட்டி, பெட்டியின் மேலே ஒரு துளை வழியாக இறக்கி, சாவி வளையத்தில் முடிச்சுப் போடுங்கள்.

கைப்பிடியைச் சுற்றினால் "ப" கீழே போகும்போது நூல் இழுக்கும், தலை நிமிரும். "ப" மேலே வரும்போது நூல் தளரும். தலை தன் பாரத்தால் கவிழும். அவ்வளவுதான் சூட்சுமம்.

நான் செய்த தவறுகள்

எனக்கு முதல் தடவையே வந்துவிடவில்லை. வளையம் போடாமல் நூலை நேராகக் கம்பியிலேயே கட்டினேன். நான்கு சுற்றில் நூல் கம்பியில் சுருண்டுகொண்டது. மூடி வைக்காமல் அட்டையில் வெறும் துளை போட்டேன். இரண்டு நாளில் துளை அகன்று கம்பி ஆட்டம் கண்டது.

மூன்றாவது தவறுதான் பெரியது. மாடு நிமிர்ந்தது, குனியவே இல்லை. அட்டைத் தலைக்குப் பாரம் இல்லை. என் மனைவி சாமி படத்துக்குப் பின்னாலிருந்த டப்பாவை எடுத்து வந்தாள். உள்ளே 25 பைசாக் காசுகள். 2011-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி முதல் செல்லாமல் போனவை. "இதை ஒட்டிப் பாருங்க" என்றாள். மாட்டின் வாய்க்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு காசு ஒட்டினேன். மாடு அழகாகக் குனிந்தது. கடையில் செல்லாத காசு என் வீட்டில் செல்லுபடியானது!

திப்புவின் புலி

கைப்பிடி சுற்றி ஆட்டும் மிருகம் இந்தச் சீமைக்குப் புதிதல்ல. மைசூர் ரெயிலில் போகிறவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்கே திப்பு சுல்தானிடம் மரத்தாலான புலி ஒன்று இருந்தது. ஏறக்குறைய 6 அடி நீளம். கீழே ஒரு வெள்ளைக்காரன் மல்லாந்து கிடப்பான். பக்கத்திலுள்ள கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே துருத்தி ஊதும், புலி உறுமும், கிடப்பவன் கையைத் தூக்கி அலறுவான். 1799-ல் திப்பு போரில் மடிந்தபின் ஆங்கிலேயர்கள் அதை லண்டனுக்குக் கொண்டு போனார்கள். இப்போது அது அங்கே விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது.

சுல்தானின் புலிக்குள்ளும் வளைந்த கம்பிதான். என் மகளின் மாட்டுக்குள்ளும் வளைந்த கம்பிதான்.

நானே கட்டினேன்!

பக்கத்து வீட்டுப் பையன்கள் வந்து பார்த்தார்கள். "கோலே பசவா!" என்று கூவினார்கள். நம்முடைய பூம்பூம் மாட்டுக்குக் கன்னடத்தில் அதுதான் பெயர். முன்னால் நின்று பார்த்தது கொஞ்ச நேரம். பிறகு எல்லோரும் பெட்டியின் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்கள். கம்பி சுற்றுவதையும் நூல் இழுப்பதையும் பார்ப்பதுதான் அவர்களுக்கு வேடிக்கை. பாட்டரி பொம்மையில் இது கிடையாது. அதன் வயிற்றை ஸ்குரூ போட்டு மூடியிருப்பார்கள்.

சென்ற வாரம் இரவு டியூட்டி முடிந்து காலையில் வீடு திரும்பினேன். மகள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அப்பா, மாட்டு நூல் அறுந்து போச்சு."

"அப்புறம் சரி பண்ணித் தரேன்" என்றேன். எனக்குத் தூக்கம் கண்ணைச் சுற்றியது.

"வேண்டாம்ப்பா. அம்மாகிட்டே நூல் வாங்கி நானே கட்டிட்டேன். நல்லா ஆடுது பாருங்க!"

செருப்பைக் கழற்றாமல் அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். முடிச்சு கொஞ்சம் பெரிது. ஆனாலும் மாடு ஆடியது. "நல்லா இருக்கா?" என்று கேட்டாள். இந்தத் தடவை தலையாட்டியது நான்.