தோல் வேலை பழகுவோருக்கு: கேள்விகளும் பதில்களும்

போர் 2009இல் ஓய்ந்தது. செட்டிகுளம் மெனிக்பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. ஆயினும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாத குடும்பங்கள் வன்னியில் இன்னும் உள்ளன. வயல் உள்ளவர்களுக்கும் அறுவடை முடிந்தபின் கை சும்மா இருக்கும் மாதங்கள் உண்டு. காணி இல்லாமல், ஒரு பாயளவு நிழலில் செய்யக்கூடிய கைத்தொழில்களுள் தோல் வேலையும் ஒன்று. புதிதாகத் தொடங்குவோர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகின்றோம்.

என்னென்ன கருவிகள் தேவை?

கூரிய கத்தி, சாணைக்கல், இரும்பு அடிமட்டம், குத்தூசி, மொட்டை முனையுள்ள இரண்டு ஊசிகள், தடித்த நூல், தேன்மெழுகு, மரக்கொட்டன், வெட்டுவதற்கு ஒரு பலகை. இவ்வளவும் போதும். தையல் துளைகளைச் சம இடைவெளியில் குறிக்கப் பழைய முள்ளுக்கரண்டி உதவும். பணம் குறைவென்றால் கத்தியையும் சாணைக்கல்லையும் முதலில் வாங்குங்கள். மொட்டைக் கத்தி தோலையும் கெடுக்கும், கையையும் வெட்டும்.

எந்தத் தோலை வாங்குவது?

தோல் இரண்டு விதமாகப் பதனிடப்படுகின்றது. ஆவாரை முதலான மரப்பட்டைகளாலும் கடுக்காயாலும் பதனிட்டது ஒன்று. குரோமிய உப்பால் பதனிட்டது மற்றது. வெட்டிய விளிம்பைப் பாருங்கள். பட்டையில் பதனிட்ட தோல் உள்ளேயும் மண்ணிறமாக இருக்கும். நனைத்து நகத்தால் அழுத்தினால் தடம் நிற்கும். குரோமியத் தோலின் உட்பகுதி பெரும்பாலும் நீலச் சாம்பலாக இருக்கும். தொடங்குவோருக்குப் பட்டைத் தோலே நல்லது. வார், பட்டி என்பவற்றை முதுகுப் பகுதியில் வெட்டுங்கள். வயிற்றுத் தோல் இழுபட்டுத் தொய்ந்துவிடும்.

எங்கள் மாட்டுத் தோலை வீட்டிலேயே பதனிடலாமா?

குரோமியத்தைக் கொண்டு வீட்டில் பதனிட வேண்டாம். தமிழ்நாட்டில் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளின் தோல் ஆலைக் கழிவால் பாலாறும் கிணறுகளும் கெட்டன. அந்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பு வழங்கவும் நேர்ந்தது. கிணற்றை நம்பி வாழும் நாம் அந்தப் பாடத்தை மறக்கலாகாது. தோலை விற்பதானால், உரித்த சில மணி நேரத்துள் உப்பிடுங்கள். பத்துக் கிலோ பச்சைத் தோலுக்கு நாலைந்து கிலோ உப்புத் தேவை. மாட்டின் விலாவில் பெரிய குறி சுட்டால் தோலின் நல்ல பகுதி வீணாகும்.

ஓர் எச்சரிக்கை: திடீரெனச் செத்து, மூக்கிலும் வாயிலும் இரத்தம் வடியும் மாட்டைத் தொடவோ உரிக்கவோ வேண்டாம். அது அடைப்பான் நோயாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும். மிருக வைத்தியருக்கு உடனே அறிவியுங்கள்.

முதலில் எதைச் செய்து பழகலாம்?

காட்டுக்கத்திக்கு உறை செய்யுங்கள். முதலில் கடதாசியில் மாதிரி வெட்டி, கத்தியைச் சுற்றி மடித்துப் பாருங்கள். தையலுக்காக ஓரத்தில் ஒரு விரலகலம் கூடுதலாக விடுங்கள். கத்தியின் கூர்ப்பக்கம் வரும் இடத்தில், இரண்டு தோல்களுக்கும் நடுவே ஒரு தோற்கீற்றை வைத்துத் தையுங்கள். இல்லாவிட்டால் கத்தி நூலை அறுத்துவிடும். தைக்கும் நீளத்தைப் போல் நான்கு மடங்கு நூல் எடுத்து, மெழுகில் இழுத்து, இரு முனைகளிலும் ஊசி கோருங்கள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளும் எதிரெதிராகச் செல்ல வேண்டும். ஓரிடத்தில் ஓர் இழை அறுந்தாலும் மற்ற இழை தையலைப் பிடித்து நிற்கும்.

மினுக்கமும் நிறமும் கொடுப்பது எப்படி?

விளிம்பை அரத்தாளால் தேய்த்து, சிறிது நனைத்து, வழுவழுப்பான மரத்துண்டால் பளபளக்கும்வரை உரசி, மெழுகு பூசுங்கள். கறுப்பு நிறத்துக்குச் சாயம் வாங்கத் தேவையில்லை. துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் சில நாட்கள் ஊறவிட்டு, வடித்த நீரைப் பட்டைத் தோலில் பூசினால் அது கறுக்கும். மூடியை இறுக்காமல் விடுங்கள். வாயு வெளியேற வேண்டும். பூசியபின் அப்பச்சோடா கரைத்த நீரால் துடைத்து, நிழலில் காயவைத்து, மெல்லியதாக எண்ணெய் தடவுங்கள். மாரியில் பூஞ்சணம் பிடித்தால் வினாகிரித் துணியால் துடையுங்கள். வெயிலிலோ அடுப்பருகிலோ காயவைத்தால் தோல் வெடிக்கும்.

“இது எங்கள் வேலையல்ல” என்று அயலவர் சொல்கிறார்களே?

செருப்புப் போடாத கால் எங்கே இருக்கின்றது? மேளம் ஒலிக்காத திருவிழா எங்கே இருக்கின்றது? தோலைத் தொட்டவரை ஒதுக்கிவிட்டு, அவர் செய்த பொருளை மட்டும் எடுத்துக்கொண்டது எமது சமூகம். இன்று இந்த அறிவு பெரும்பாலும் அவ்வாறு ஒதுக்கப்பட்ட குடும்பங்களிடமே இருக்கின்றது. கற்க விரும்புவோர் அவர்களிடம் மாணவராகச் செல்லுங்கள். அவர்கள் முற்றத்தில் இருந்து பழகுங்கள். கற்பித்த நேரத்துக்குக் கூலியும் கொடுங்கள். முகாமில் ஒரே வரிசையில் நின்று தண்ணீர் எடுத்தவர்கள் நாம். ஒரே பலகையில் தோல் வெட்டுவதற்குத் தடை என்ன?

முதல் உறை கோணலாகத்தான் வரும். அதை விற்காமல் உங்கள் கத்திக்கே வைத்துக்கொள்ளுங்கள். எங்கே பிழைத்தது என்பதை ஒவ்வொரு நாளும் அது உங்களுக்குச் சொல்லித்தரும்.