குழந்தைக்குத் தலை சுற்றுகிறதா?

ஆர்.கே.புரத்து நம் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. கிறுகிறுப்பு, தலைசுற்றல், மயக்கம் என்று நாம் வீட்டில் பிரித்துச் சொல்வதனைத்தையும், மருத்துவரிடம் சென்றதும் ‘சக்கர்’ என்னும் ஒரே இந்திச் சொல்லில் அடக்கிவிடுகிறோம். காரணம் காண வேண்டிய பாதிச் செய்தி அங்கேயே தவறிவிடுகிறது.

அறை சுழல்வது ஒன்று. கண் இருண்டு சாய்வது வேறு. சுழற்சி காதின் உட்பகுதிக் கோளாறால் வரலாம். ஒற்றைத் தலைவலியும் சிறுவர்க்கு இவ்வுருவில் வருவதுண்டு. தலைவலியே இன்றிச் சில நிமிடம் சுற்றி, பின்னர் ஒன்றும் நடவாததுபோல் விளையாடச் செல்லும் குழந்தைகளும் உளர். ஆகவே, பெற்றோருக்கு அந்நோய் இருப்பின் மறவாது சொல்லுதல் வேண்டும்.

கண் இருள்வதோ பெரும்பாலும் வெறும் வயிற்றோடு, வெயிலில், பள்ளிப் பிரார்த்தனை வரிசையில் அசையாது நிற்கையில் நேர்வது. இரத்தம் கால்களில் தேங்கி மூளைக்குக் குறைகிறது. படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்தினால் தெளிந்துவிடும். அடிக்கடி நேர்ந்தால் இரத்தசோகை உண்டா எனச் சோதிக்க வேண்டும். 2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளுள் 67 சதவீதத்தினருக்கு அக்குறை இருந்தது. உணவோடு தேநீர் கொடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். அது இரும்புச் சத்தைச் சேரவொட்டாது.

நம் ஊர்ப்பக்கம் அதிகம் அறியாத காரணம் ஒன்று தில்லிக் குளிரில் உண்டு. சன்னலையெல்லாம் அடைத்த குளியலறையில் கேஸ் கீசர், மூடிய அறையில் கரி அங்கீட்டி ஆகியவற்றிலிருந்து நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு எழுந்து, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கவொட்டாமல் தடுக்கிறது. குளிக்கும் பிள்ளை தலை சுற்றுகிறது என்றாலோ, வீட்டார் பலருக்கும் ஒருங்கே தலைவலி கண்டாலோ, ஜலதோஷம் என்றிருந்துவிடலாகாது. உடனே அனைவரும் வெளியே வந்து, மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். சப்தர்ஜங்கும் எய்ம்ஸும் நமக்குத் தொலைவில் இல்லை. சில நிமிடத் தாமதமும் உயிருக்கு ஆபத்தாகும்.

ஓடும்போதே மயங்கி விழுந்தால் இதயத்தைச் சோதிக்க வேண்டும். தலையில் அடிபட்டபின் சுற்றலும் வாந்தியும் வந்தாலும், நடை தள்ளாடினாலும் காத்திருத்தல் கூடாது.

மற்ற வேளைகளில் எப்போது, எவ்வளவு நேரம், என்ன உண்டபின் என்பவற்றைக் குறித்துச் செல்லுங்கள். சுழற்சியாயின் ‘கம்ரா கூம்தா ஹை’ என்றும், கண் இருண்டால் ‘ஆங்கோன் கே சாம்னே அந்தேரா ஆதா ஹை’ என்றும் சொன்னால் மருத்துவருக்கு விளங்கிவிடும்.