காற்றின் உள்ளங்கையில் ஒரு தாம்பாளம்

முறுக்கும் அதிரசமும் நிரம்பிய தாம்பாளத்தை அடுப்படியிலிருந்து முன்கூடத்துக்கு ஒற்றை உள்ளங்கையில் ஏந்திக் கொண்டுபோகிறவர்களைக் கவனியுங்கள். கை சரியாக நடுவில் இருந்தால் தட்டு அசையாது. கை சற்று முன்னே போனால் முன்விளிம்பு எழும், முறுக்கு பின்னால் சரியும். கை பின்னே தங்கினால் முன்விளிம்பு தாழும். டிஸ்க் கோல்ஃப் ஆட்டத்தில் எறியும் தட்டு நேரே கிளம்பி, வலப்பக்கம் சாய்ந்து, கடைசியில் இடப்பக்கம் திரும்பி விழுவது ஏன் என்று விளங்கிக்கொள்ள இந்த ஒரு தாம்பாளம் போதும். அங்கே ஏந்துகிற கை, காற்று.

ஆட்டம் எளியது. பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக்கூடை. தட்டு விழுந்த இடத்திலிருந்து அடுத்த எறி. குறைந்த எறிகளில் எல்லாக் கூடைகளையும் முடித்தவருக்கு வெற்றி. 1975-இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிலையான களத்தை அமைத்தவர் எட் ஹெட்ரிக். சங்கிலிக் கூடையை வடிவமைத்தவரும் அவர்தான். ஆனால் தொடக்கத்தில் அந்தக் களத்தில் கூடைகள் கிடையாது, நட்டுவைத்த கம்பங்கள்தான் குறி. அதற்கும் முன்னால் மரம், விளக்குக்கம்பம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் குறியாக வைத்து ஆடினார்கள். எறிதட்டின் பிறப்பிலும் சமையலறைக்குப் பங்குண்டு. 1930களின் கடைசியில் ஃபிரெட் மோரிசன் என்ற அமெரிக்க இளைஞர் கேக் சுடும் தகரத்தட்டை எறிந்து விளையாடினார். கடையில் 5 சென்ட்டுக்குக் கிடைத்த தட்டை சாண்டா மோனிகா கடற்கரையில் 25 சென்ட்டுக்கு விற்கவும் செய்தார்.

கூடையே இல்லாமல் இதை நானும் ஆடியிருக்கிறேன். அத்தை மகனுக்கு உடனே கப்பலேறச் சொல்லி அழைப்பு வந்துவிட்டதால், ஆகஸ்டில் வைத்திருந்த அவன் நிச்சயதார்த்தம் ஜூனுக்கு வந்தது. நாங்களும் அவசரமாகத் தருவைகுளம் கிளம்பினோம். தூத்துக்குடிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மீனவர் ஊர். சுற்றிலும் உப்பளங்கள். பெசன்ட் நகர் கடற்கரையில் அல்டிமேட் என்ற எறிதட்டு ஆட்டம் ஆடுகிறவர்களிடம் எறியக் கற்றுக்கொண்டவன் நான். எங்கே போனாலும் பையின் அடியில் இரண்டு மூன்று தட்டுகள் கிடக்கும். ஊருக்கு மேற்கே வெறும் பொட்டல். அங்கே ஒரு பனை, ஒரு உடைமரம், யாரோ கவிழ்த்துப்போட்ட நீல டிரம். அவைதான் கூடைகள். பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். கூடை இல்லையே என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய காரணமும் இல்லை, ஆட்டம் தொடங்கியதே இப்படித்தானே.

தாம்பாளத்தை அப்படியே தூக்கி எறிந்தால் அரை நொடியில் குப்புறக் கவிழும். காற்றின் கை எப்போதும் நடுவில் இருப்பதில்லை என்பதுதான் காரணம். கவிழாமல் காப்பது சுழற்சி. வலக்கைக்காரர் உடம்பின் இடப்பக்கத்திலிருந்து வீசும்போது, மேலிருந்து பார்த்தால் தட்டு கடிகாரமுள் திசையில் சுழலும். சுழலும் தட்டுக்கு ஒரு குணம் உண்டு. ஓரிடத்தில் அதைத் தூக்கினால் அந்த இடம் எழாது, சுழல்கிற திசையில் கால் சுற்று தள்ளியுள்ள இடம்தான் எழும். முன்விளிம்பில் தூக்கினால் வலப்புறம் எழும், தட்டு இடப்பக்கம் சாயும். பின்விளிம்பில் தூக்கினால் இடப்புறம் எழும், தட்டு வலப்பக்கம் சாயும். இந்த இடத்தை அவசரமில்லாமல் இரண்டு தரம் படியுங்கள். மீதியெல்லாம் இதிலிருந்து வருவதுதான். எடை விளிம்பில் திரண்டிருந்தால் சுழற்சி இன்னும் உறுதியாக நிற்கும். அதனால்தான் கோல்ஃப் தட்டின் விளிம்பு அவ்வளவு தடிப்பு. டிஸ்க் கோல்ஃப் சங்கத்தின் விதிப்படி விட்டம் 21 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, எடை ஒரு சென்டிமீட்டர் விட்டத்துக்கு 8.3 கிராமைத் தாண்டக் கூடாது.

இனி கை நகர்வதைப் பார்ப்போம். எறிந்த வேகத்தில் தட்டு காற்றை ஏறக்குறைய நேராகக் கிழித்துப் போகிறது. அப்போது காற்றின் கை நடுவுக்குச் சற்றுப் பின்னே இருக்கும். எனவே மெல்ல வலப்பக்கம் சாய்வு. வேகம் குறையக் குறையத் தட்டு தாழத் தொடங்கும், காற்று அடிப்பக்கத்திலிருந்து சரிவாக வந்து முட்டும், கை முன்னே நகர்ந்துவிடும். இப்போது இடப்பக்கம் சாய்வு. தட்டின் மேல் அச்சிட்டிருக்கும் நான்கு எண்களில் கடைசி இரண்டும் இதைத்தான் சொல்கின்றன. முதல் இரண்டும் வேகத்தையும் மிதப்பையும் குறிக்கும். மூன்றாவது முதற்சாய்வு, நான்காவது முடிவில் வரும் திருப்பம். இன்னோவா நிறுவனத்தின் லெப்பர்டு என்ற தட்டுக்கு 6, 5, -2, 1. டெஸ்ட்ராயருக்கு 12, 5, -1, 3. புதிதாகக் கற்பவர் டெஸ்ட்ராயரை வாங்கினால், அது கேட்கும் வேகத்தைக் கையால் தர முடியாது. காற்றின் கை முதலிலிருந்தே முன்னே இருக்க, தட்டு இடப்பக்கம் பாய்ந்து மண்ணில் குத்தும். முதல் தட்டாக அதை வாங்கவே வேண்டாம் என்பேன்.

காலை ஆட்டம் ஒழுங்காகப் போனது. வெயில் ஏறியதும் மாமா எட்டிப் பார்த்தார், படகில் வாழ்நாளைக் கழித்தவர். "மருமவனே, கச்சான் எடுத்திட்டு. இனி எறிஞ்சா கரைக்கு நிக்காது, கடலுக்குத்தான் போவும்" என்றார். கச்சான் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் மேல்காற்று. ஜூனில் அது எடுத்தால் உப்பளத்து மண்ணே பறக்கும்.

தட்டுக்குத் தரை தெரியாது, எதிர்ப்படும் காற்று மட்டுமே தெரியும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் எறிகிறோம், கச்சான் 20 கிலோமீட்டரில் வீசுகிறது என்று வையுங்கள். மேற்கே எறிந்தால் தட்டைத் தொடும் காற்றின் வேகம் 80, கிழக்கே எறிந்தால் 40. தூக்குவிசை வேகத்தின் இருபடிக்கேற்பக் கூடுவதால், ஒரே சாய்வில் எறிந்தாலும், கிழக்கே போகும் தட்டைவிட மேற்கே போகும் தட்டைக் காற்று நான்கு மடங்கு விசையோடு ஏந்தும். அதனால் எதிர்காற்றில் முன்விளிம்பு கொஞ்சம் தூக்கியிருந்தாலும் தட்டு செங்குத்தாக ஏறி, பின்னோக்கியே வந்து விழும். தாழ்த்தி எறிந்தாலோ, கை பின்னேயே தங்கி வலச்சாய்வு நீளும். எதிர்காற்றுக்கு நான்காம் எண் பெரிய தட்டே நல்லது. பின்காற்றில் நேர்மாறு. தட்டுக்கு ஏந்தல் குறைவு, கை சீக்கிரமே முன்னுக்கு வந்துவிடும், இடப்பக்கம் திரும்பிச் சட்டென்று இறங்கும். அங்கே லெப்பர்டை உயரத் தூக்கி எறிய வேண்டும்.

பனைக்கு மேற்கு முகமாக எறியும்போது நான் மரத்துக்கு இடப்பக்கம் குறி வைத்தேன், வலச்சாய்வு அதைக் கொண்டுவந்து சேர்க்கும் என்று. அத்தையின் பேத்தி இடக்கைக்காரி. அவள் தட்டு எதிர்த்திசையில் சுழலும், சாய்வுகள் எல்லாம் தலைகீழ். இரண்டு எறிகளிலேயே அதைக் கண்டுகொண்டு, அவள் மரத்துக்கு வலப்பக்கம் குறி வைத்தாள். கடலுக்குப் போன தட்டு ஒன்றுகூட இல்லை.